மாறிய பயிற்சியாளர்கள், மாறாத பட்டியல்

கபடி தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு தமிழ் தலைவாஸை ஆதரிப்பது கஷ்டமான காரியம். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி மின்விளக்கு கட்டி இரவெல்லாம் ஆடுவார்கள். அந்தக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும், கார்னரில் நிற்பவன் எப்போது காலுக்குப் போகலாம், கவரில் நிற்பவன் எப்போது மறிக்கலாம் என்று வகுப்பே எடுப்பார்கள். புரோ கபடி லீக்கில் தலைவாஸ் தோற்ற மறுநாள் கடலூர் டீக்கடைகளில் தீர்ப்பு தயாராக இருக்கும்: "கோச்சை மாத்துனாத்தான் சரியா வரும்."

வேடிக்கை என்னவென்றால், அணி நிர்வாகமும் ஏறக்குறைய அதே தீர்ப்பைத்தான் திரும்பத் திரும்ப எழுதிவந்திருக்கிறது. 2017இல் லீக்கில் நுழைந்தது முதல் 2025 வரை எட்டு சீசன்கள். பயிற்சிப் பொறுப்பு ஐந்து முறை கைமாறியிருக்கிறது. நாக் அவுட் கட்டத்தை எட்டியது ஒரே ஒரு முறை, 2022இல். மருந்தை ஐந்து முறை மாற்றியும் நோய் தீரவில்லை என்றால் நோயைக் கண்டறிந்த விதத்தில் கோளாறு இருக்கலாம். அல்லது மருந்துகள் எல்லாமே மோசமாக இருக்கலாம். இரண்டில் எது என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. 2017இல் 22 ஆட்டங்களில் 6 வெற்றி, தன் பிரிவில் கடைசி இடம். 2018இல் 5 வெற்றி, மறுபடியும் பிரிவில் கடைசி. 2019இல் 4 வெற்றி, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. கொரோனா இடைவெளிக்குப் பின் 2021-22இல் 5 வெற்றி, பதினோராவது இடம். 2022இல் 10 வெற்றியோடு ஐந்தாவது இடம், எலிமினேட்டரில் யு.பி. யோதாஸை டை-பிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. 2023-24இலும் 2024இலும் ஒன்பதாவது இடம். 2025இல் முதல் எட்டுக்குள்கூட வரவில்லை.

இந்தத் தோல்விகளுக்குப் பொறுப்பேற்க வைக்கப்பட்டவர்கள் யார்? 2017இல் கே. பாஸ்கரன். 2014இல் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் முதல் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர். அடுத்து வந்தவர் கேரளத்தின் ஈ. பாஸ்கரன். 2015இல் யு மும்பாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2019 சீசனின் நடுவிலேயே அவர் விலக, ஜே. உதயகுமார் வந்தார். 2022 சீசனின் தொடக்க வாரங்களிலேயே அவருக்குப் பதில் அஷன் குமார் அழைக்கப்பட்டார். 2024இல் மீண்டும் உதயகுமார், கூடவே நம் தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன். 2025இல் சஞ்சீவ் பாலியான். 2022இல் ஜெய்ப்பூரை இரண்டாம் முறை சாம்பியனாக்கியவர். ஆக, தலைவாஸில் சோபிக்காதவர்களில் மூன்று பேர் வேறு இடத்தில் கோப்பையைத் தூக்கியவர்கள். இவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. "பயிற்சியாளர்கள் மோசம்" என்ற வழக்கின் முதல் பாதி இங்கேயே தள்ளுபடியாகிவிடுகிறது. இரண்டாம் பாதி, அதாவது ஆட்டம் தெரிந்தவர்களே இங்கே வந்து தவறான முடிவுகள் எடுத்தார்களா என்பது, நின்று பார்க்க வேண்டிய விஷயம். பழி பெரும்பாலும் அவர்களுடைய தடுப்பு முறைமீது விழுவதால், பிடி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஏழு பேர் வில் போல நிற்கிறார்கள். இரு ஓரங்களில் கார்னர், அவர்களை ஒட்டி இன், அதற்கடுத்து கவர், நடுவில் சென்டர். ரெய்டு போகிறவனுக்கு முப்பது வினாடி. அவன் எதிரணிப் பக்கத்தில் உள்ள பாக் லைனைத் தாண்டியாக வேண்டும். எதிரில் ஆறு பேராவது இருந்தால் போனஸ் கோட்டில் கால் வைத்தும் ஒரு புள்ளி எடுக்கலாம். பிடிக்கிற பக்கம் வேலை இரண்டாகப் பிரிகிறது. கார்னர் கணுக்காலையோ தொடையையோ பிடித்து அவனை ஒரு நொடி நிறுத்துகிறான். அந்த ஒரு நொடிக்குள் கவரில் நிற்பவன் ரெய்டருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் உடம்பைக் கொண்டுவந்து வழியை மறிக்க வேண்டும். அதுதான் பிளாக். ஓரக்கோட்டின் அருகில் என்றால் மோதி வெளியே தள்ளுவது டேஷ். கை கோத்து நிற்கும் இருவர் சேர்ந்து பாய்வது செயின். கார்னர் அரை நொடி முந்தினால் ரெய்டர் அவனைத் தொட்டுவிட்டு ஓடிவிடுவான். கவர் அரை நொடி பிந்தினால் பிடித்த கார்னரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். ஒன்றுக்கு இரண்டாகப் புள்ளி போகும்.

இந்த அரை நொடிக்குப் பயிற்சியாளர் வெளியிலிருந்து கட்டளையிட முடியாது. கையை அழுத்தினால் போகலாம், விட்டால் நில் என்கிற மாதிரியான சைகைகள் இரண்டு பேருக்குள் பல மாதம் சேர்ந்து ஆடித்தான் வரும். கிராமத்து அணிகளுக்குப் பெரும்பாலும் பயிற்சியாளரே கிடையாது. ஆனாலும் அவர்களுடைய செயின் பல நேரம் கச்சிதமாக விழுவதற்குக் காரணம், அந்த ஏழு பேரும் ஒரே தெருவில் அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து சேர்ந்து ஆடுகிறவர்கள் என்பதுதான். லீக்கில் அந்த வசதி இல்லை. ஏலத்தில் எடுத்த ஆட்களை முகாமில் சேர்த்துச் சில வாரங்களில் களமிறக்க வேண்டும். போதாததற்கு அங்கே மண் கிடையாது, மேட். காலணியின் பிடிமானத்தில் ரெய்டர் திரும்பும் வேகம் கூடியிருக்கிறது. மண்ணில் தனியாளாகக் காலைப் பிடித்துச் சாய்த்துவிடும் கார்னருக்குக்கூட மேட்டில் கவரின் துணை இல்லாமல் வேலை நடப்பது அரிது.

இதற்கு நல்ல சாட்சி தலைவாஸின் 2019 அணியிலேயே இருக்கிறது. 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் நான்கு பேர், அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், எல்லோரும் மஞ்சள் சட்டையில் இருந்தார்கள். காகிதத்தில் இதைவிடப் பெரிய அணி கிடையாது. பயிற்சியாளர் ஈ. பாஸ்கரனும் மோஹித்தும் பழைய கூட்டாளிகள். யு மும்பாவில் மோஹித் ஒரு கார்னர், சுரேந்தர் நாடா மறு கார்னர். இடையில் கவரில் விஷால் மானேவும் தமிழ்நாட்டின் ஜீவா குமாரும். முதல் மூன்று சீசன்களிலும் அந்த அணி இறுதிப் போட்டிக்குப் போனது, ஒன்றில் கோப்பையும் வாங்கியது. நான்கு ஆண்டு கழித்து அதே பாஸ்கரன், அதே மோஹித். ஆனால் எதிர் கார்னரில் நாடா இல்லை, கவரில் அந்த இருவரும் இல்லை. 15 தோல்விகள். வயதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அஜய் தாக்கூர் காயத்தால் சில ஆட்டங்களில் இல்லாததும் உண்மை. ஆனாலும் பயிற்சியாளரின் மூளை அதேதான் என்றால், மாறியது அவரைச் சுற்றியிருந்த கூட்டு.

அந்த சீசனின் நடுவில் பயிற்சியாளரை மாற்றிப் பார்த்தது ஒரு வகையில் நமக்கு உதவி. அதே வீரர்கள், வேறு பயிற்சியாளர். பலன் ஏதும் இல்லை. அணி கடைசி இடத்தில்தான் முடித்தது. 2022இலும் அதே போல நடந்தது. அதே வீரர்கள், வேறு பயிற்சியாளர். ஆனால் இந்த முறை அணி கீழேயிருந்து ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. பயிற்சியாளர் கட்சிக்காரர்கள் இந்த 2022ஐத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். அவர்கள் வாதத்தை நேர்மையாகச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய சீசனையும் பிந்தைய சீசனையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முந்தையது 2021-22. உதயகுமார் பெரிய பெயர்களை விட்டுவிட்டு இளைஞர்களை வைத்துப் பிடியைக் கட்டினார். ரைட் கார்னரில் சாகர் ராட்டீ, லெஃப்ட் கார்னரில் சாஹில் குலியா, கவரில் அனுபவம் மிக்க சுர்ஜீத் சிங், அவரோடு நம் ஊர் எம். அபிஷேக். சாகர் அந்த சீசனில் 82 பிடிப்புள்ளிகள் எடுத்து, ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயிக்கு அடுத்து லீக்கிலேயே இரண்டாம் இடம் பிடித்தார். அப்படிப்பட்ட பிடி இருந்தும் அணி பதினோராவது இடம். இதற்கு ரசிகர்கள் சொன்ன சமாதானம், ஆறு ஆட்டங்கள் டிராவில் முடிந்த துரதிர்ஷ்டம். கணக்குப் போட்டால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அப்போதைய விதிப்படி வெற்றிக்கு 5 புள்ளி, டிராவுக்கு 3. ஆறு டிராவையும் வெற்றியாக்கினால்கூடக் கூடுவது 12 புள்ளிதான். தலைவாஸிடம் இருந்தது 47. அது 59 ஆகியிருக்கும். ஆறாவதாக உள்ளே போன புனேரியிடம் 66. அதிர்ஷ்டம் முழுக்கக் கைகொடுத்திருந்தாலும் போதாது. அந்த அணியின் ஓட்டை பிடியில் இல்லை, பாடிப் போகிற பக்கத்தில் இருந்தது.

இங்கேதான் கபடியின் தனிக் குணம் ஒன்று கணக்கில் வர வேண்டும். பிடியும் ரெய்டும் இரண்டு தனித்தனித் துறைகள் அல்ல. ரெய்டர் எடுக்கும் ஒவ்வொரு தொடுபுள்ளியும் வெளியே உட்கார்ந்திருக்கும் தன் ஆளை உள்ளே கொண்டுவருகிறது. ரெய்டு காலியாகப் போனால் வெளியே போன கார்னர் வெளியேயேதான் இருப்பான். சாகர் பெஞ்சில் இருக்கும்போது எவ்வளவு பழகிய செயினும் செயின் அல்ல. ஏழு பேருக்காகத் தீட்டிய தடுப்புத் திட்டத்தை நான்கு பேர் நின்று நிறைவேற்ற வேண்டியதாகிறது. அது அப்புறம் ஏழு பேரும் வெளியேறும் ஆல் அவுட்டில் கொண்டுபோய் விடுகிறது. நல்ல பிடி இருந்தும் அணி தோற்பது இப்படித்தான்.

இப்போது 2022க்கு வருவோம். ஏலத்தில் பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி ரூபாய். அன்றைக்கு லீக் வரலாற்றிலேயே அதிகத் தொகை. குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, எதிரணியில் ஆடிய நம் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போய் முழங்கால் போனது. சீசனே முடிந்தது. அணியின் மிக விலையுயர்ந்த ரெய்டர் பிடிக்கிற வேலையில் காயப்பட்டார் என்பது கவனிக்கத்தக்கது. இதை வைத்து உதயகுமாரைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பவன் எப்போதுமே பிடியிலும் இறங்குகிற ஆட்டக்காரர். ஏழு பேர் ஆட்டத்தில் ரெய்டரை ஒதுக்கி நிறுத்த இடமும் இல்லை. ஆனால் வேறொரு கேள்வி நியாயமானது: அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற திட்டம் இருந்ததா? முதல் வாரங்களின் தடுமாற்றம் இல்லை என்றே சொல்கிறது. விடை தற்செயலாகக் கிடைத்தது. முதல் சீசன் ஆடிய நரேந்தர் கண்டோலா என்ற இளைஞன் 243 ரெய்டு புள்ளிகளை அள்ளினான். அஜிங்கிய பவார் அவனுக்குத் துணையாக நின்றார். வெளியே போனவர்கள் சீக்கிரம் உள்ளே வந்தார்கள். முந்தைய ஆண்டு பழகிய சாகர், சாஹில் ஜோடி முழு பலத்தோடு மேட்டில் நின்றது.

அஷன் குமாரின் பங்கு இதில் இல்லையா? உண்டு. நரேந்தரை நம்பி முதல் ரெய்டராக ஓடவிட்டது துணிச்சலான முடிவு. ஆனால் 2022இன் பெருமை முழுவதும் அவருடையது என்றால், அடுத்த சீசனை எப்படி விளக்குவது? 2023-24இல் அதே அஷன் குமார், அதே நரேந்தர், அதே சாகர், சாஹில். 13 தோல்வி, ஒன்பதாவது இடம். நரேந்தரை மற்ற அணிகள் படித்துவிட்டன; முந்தைய எண்ணிக்கையை அவர் எட்டவில்லை. அவருக்கு அடுத்த ரெய்டர் யார் என்ற கேள்விக்கும் நிலையான பதில் இல்லை. இந்த மூன்று சீசன்களையும் வரிசையாக வைத்தால் அணியின் இடம் ஏறி இறங்குவது பயிற்சியாளர் பெயரோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவது ரெய்டர் இருந்தாரா இல்லையா என்பதோடு ஒத்துப்போகிறது.

"நெருக்கமான ஆட்டங்களைக் கோட்டைவிடுகிறார்கள், அது பயிற்சியாளர் தப்புத்தானே" என்பது இன்னொரு பிரபலமான குற்றச்சாட்டு. இதையும் அளக்கலாம். ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஒரு புள்ளி ஆறுதலாகக் கிடைக்கும் என்ற விதி 2024 வரை இருந்தது. ஒவ்வொரு சீசனின் மொத்தப் புள்ளியிலிருந்து வெற்றி, டிரா புள்ளிகளைக் கழித்தால் மிஞ்சுவது அந்த ஆறுதல் புள்ளிகள். அப்படிப் பார்த்தால் முதல் ஏழு சீசன்களில் தலைவாஸின் 87 தோல்விகளில் 44 ஏழு புள்ளிக்குள் நடந்தவை. ஏறக்குறைய பாதி. ஒரு ஆல் அவுட் திசை மாறினால் முடிவு மாறியிருக்கும் ஆட்டங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் டைம் அவுட் எப்போது கேட்பது, மூன்று பேர் மிஞ்சியிருக்கும்போது கூடுதல் புள்ளி தரும் சூப்பர் டேக்கிளுக்குப் பாய்வதா, ரெய்டரைத் தொடவிடாமல் காலியாக அனுப்பி, புள்ளி எடுத்தே தீர வேண்டிய டூ ஆர் டை ரெய்டுக்கு எதிரணியைத் தள்ளுவதா என்பதெல்லாம் பயிற்சியாளர் கையில் உள்ளவை. எனவே அவருக்கு இதில் பங்கு இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு ஆணி அடித்துவிட வேண்டாம். 2024இல் கோப்பை வென்ற ஹரியானா ஸ்டீலர்ஸ் 16 வெற்றியும் 6 தோல்வியுமாக 84 புள்ளி எடுத்தது. அதே கழித்தலைச் செய்தால் அவர்களுடைய ஆறு தோல்வியில் நான்கு ஏழுக்குள். சாம்பியனும் தோற்கும்போது நூலிழையில்தான் தோற்கிறான். கபடி அப்படிப்பட்ட ஆட்டம். வித்தியாசம், அவர்கள் ஆறு முறைதான் தோற்றார்கள் என்பது.

அந்த ஹரியானாவை ஒப்பிடாமல் இந்த வழக்கு முடியாது. மன்பிரீத் சிங் 2022இல் அங்கே பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டு அணி நாக் அவுட்டுக்குப் போகவில்லை. தலைவாஸ் பாணியில் நடந்திருந்தால் வேறொருவர் வந்திருப்பார். ஹரியானா அவரை வைத்துக்கொண்டது. ஜெய்தீப் தஹியா, மோஹித் நண்டால் என்ற பிடியையும் கலைக்கவில்லை. 2023-24இல் இறுதிப் போட்டியில் புனேரியிடம் 25-28 என்று தோல்வி. அப்போதும் கலைக்கவில்லை. 2024 டிசம்பரில் பாட்னாவை 32-23 என்று வென்று கோப்பை. ஷாட்லூயியைப் பெரிய விலைக்கு வாங்கியதும் உதவியது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் வாங்கிய நட்சத்திரத்தைப் பொருத்துவதற்கு அங்கே ஏற்கனவே ஒரு பழகிய சட்டகம் இருந்தது. தலைவாஸும் சாகரைப் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் ரெய்டுக்கு அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. 2022இல் பவன், 2024இல் 2.15 கோடிக்கு சச்சின் தன்வர், 2025இல் 1.405 கோடிக்கு அர்ஜுன் தேஷ்வால். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்மீது மொத்தப் பந்தயமும். 2025இல் அர்ஜுனோடு பவனும் திரும்பி வந்து கேப்டனானபோது ஒருவழியாக இரண்டு பெரிய ரெய்டர்கள் சேர்ந்தார்கள் என்று நாமெல்லாம் குதித்தோம். சில ஆட்டங்களுக்குள்ளேயே ஒழுங்குக் காரணத்தைச் சொல்லி பவனை வீட்டுக்கு அனுப்பியதாக அணி அறிவித்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். மறுபடியும் ஒற்றைக்கால் ஆட்டம் என்பதுதான் மேட்டில் தெரிந்தது.

ஆக, என் தீர்ப்பு இது. தலைவாஸின் தடுப்பு முறைதான் அணியைக் கெடுத்தது என்ற குற்றச்சாட்டு 2017 முதல் 2019 வரை ஓரளவு நிரூபணமாகிறது. அங்கேயும் குற்றம் திட்டத்தில் இல்லை, சேர்ந்து ஆடிப் பழகாத பெரிய பெயர்களைக் கொண்டு அதை நிறைவேற்றப் பார்த்ததில் இருக்கிறது. 2021க்குப் பிறகு அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. பயிற்சியாளர்கள்மீது நிற்பது ஒன்றுதான்: முதல் ரெய்டர் விழுந்தால் என்ன என்பதற்கு யாரும் சீசனுக்கு முன்பே விடை வைத்திருக்கவில்லை. அதில் உதயகுமார், அஷன் குமார் இருவரும் பங்காளிகள். பெரும் பொறுப்பு ஏல மேசையில் உட்கார்ந்தவர்களுடையது. இரண்டாவது, மூன்றாவது ரெய்டருக்குப் போக வேண்டிய பணத்தை ஒரே ஆளிடம் கொட்டிவிட்டு, அதன் விளைவுக்குப் பயிற்சியாளரை மாற்றியவர்கள் அவர்கள்.

டீக்கடையில் எழும் இன்னொரு வாதம் பாக்கி: தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எடுத்திருந்தால் ஜெயித்திருக்கும் என்பது. உணர்வுக்கு இது எனக்கும் உடன்பாடு. ஆனால் சாட்சி போதாது. அபிஷேக் ஒருவரைத் தவிர உள்ளூர் வீரரைச் சில சீசன்கள் தொடர்ந்து ஆடவிட்டுப் பார்க்கவே இல்லை. சோதிக்காத ஒன்றை ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. புவனகிரி மைதானத்தில் நன்றாகப் பாடிப் போகிற ஒரு பையனை மேட்டில் மூன்றாவது ரெய்டராக இரண்டு சீசன் வைத்துப் பார்ப்பதற்கு 2.15 கோடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.